மியூஸ் ஏசியா: காசில்லாமல் அனிமே பார்க்க

ஒரு சென்கூடச் செலவில்லை, முறையான உரிமமும் உண்டு. அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை யூடியூப்பில் காட்டும் மியூஸ் ஏசியா சேனலின் பலமே அதுதான். ஜப்பான் நேரம் நமக்கு 1 மணி முன்னால். அங்கே நள்ளிரவு 12-க்குப் புது எபிசோட் ஒளிபரப்பானால் கோலாலம்பூரில் இரவு 11. சேனலில் பதிவேற்றம் அதே நிமிடம் வரும் என்று நம்பாதீர்கள், தொடருக்குத் தொடர் அட்டவணை மாறும்.

புதிய எபிசோடுக்குப் பதில் பழைய காட்சித் தொகுப்பு வந்தால் சேனலைத் திட்டாதீர்கள். சிக்கல் பெரும்பாலும் தொடரை வரையும் ஸ்டூடியோவில். திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடும். ஒரு படத்தை 3 பிரேம் நிறுத்தினாலும் நொடிக்கு 8 படம் வரைய வேண்டும். லேஅவுட் (காட்சியின் அமைப்பு வரைபடம்) திருத்தம் இழுத்தால் இடைப்படம் (முக்கியப் படங்களுக்கு நடுவே வரைவது), வண்ணம், கம்போசிட்டிங் (எல்லாவற்றையும் ஒரே காட்சியாக இணைப்பது) எல்லாம் கடைசி நாள்களில் வந்து குவியும்.

விளம்பரம் தொல்லைதான். எல்ஆர்டி ரயிலில் பார்ப்பவர்கள் வீடியோ தரத்தை 480p-க்கு இறக்குங்கள், டேட்டா மிச்சம்.