தீபாவளிக்கு முன்பா, பின்பா? துபாய் கிளம்பும் தேதியும் வருமான வரியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் ஒரு வாரம் இதே பஞ்சாயத்து. அக்கா மகனுக்கு துபாயில் வேலை. செப்டம்பரில் சேர்ந்தாலும் சரி, அக்டோபர் கடைசியில் சேர்ந்தாலும் சரி என்று கம்பெனி சொல்லிவிட்டது. "தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய் வெச்சுதான் அனுப்புவேன்" என்பது அக்கா கட்சி. நான் செப்டம்பர் கட்சி.

காரணம் 182 நாள் கணக்கு. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால், வரிக் கணக்கில் ஆண்டு முழுவதும் உள்ளூர்க்காரன்தான். வெளியே வாங்கும் சம்பளமும் இங்கே வரிக்குள் வந்துவிடும். கிளம்பிய தேதியோடு ஆண்டை இரண்டாக வெட்டும் வழக்கம் நம் சட்டத்தில் இல்லை. ஏப்ரல் 1-இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-ஓடு 181 நாள். அன்றைக்கு நள்ளிரவு விமானத்தில் டிக்கெட் போட்டு விளையாட வேண்டாம்.

2025-26 விகிதத்தில், புதிய வரி முறையில் போட்டுப் பார்த்தேன். இங்கே மாதம் 60,000. அங்கே நம் காசில் 2 லட்சம். செப்டம்பரில் கிளம்பினால் இந்தியச் சம்பளம் 3.6 லட்சம். அது வரியே இல்லாத 4 லட்சம் வரம்புக்குள்ளேயே நின்றுவிடும். துபாய்ச் சம்பளம் 12 லட்சத்துக்கு அங்கேயும் வரி இல்லை, இங்கேயும் இல்லை. பணம் முதலில் துபாய் வங்கியில் விழ வேண்டும், அவ்வளவுதான். அக்டோபர் 31-இல் கிளம்பினால்? ஏழு மாத 4.2 லட்சத்தோடு துபாயின் 10 லட்சமும் சேர்ந்துகொள்ளும். சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக 13.45 லட்சம். வரிமேல் போடும் செஸ்ஸோடு சேர்த்து வரி 85,020 ரூபாய். துபாய் வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். "ஒரு எண்ணெய்க் குளியலுக்கு இவ்வளவா?" என்றேன். அக்கா அன்றைக்கு எனக்குக் காபி கொடுக்கவில்லை.

செப்டம்பரிலும் ஒரு நட்டம் உண்டு. 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அந்தத் தள்ளுபடி உள்ளூர்க்காரருக்கு மட்டும். இங்கே மாதம் ஒன்றரை லட்சம் வாங்கியவர் செப்டம்பரில் கிளம்பினால் 23,400 ரூபாய் கட்டத்தான் வேண்டும். அப்புறம், வேலைக்குப் போகாமல் கணவரோடு கூடப் போகும் மனைவிக்கு 182 நாள் சலுகை இல்லை. முந்தைய நான்கு ஆண்டும் இங்கேயே இருந்தவர் உள்ளூர்க்காரர் ஆகிவிட 60 நாளே போதும்.

பாண்டியிலிருந்து பிரான்ஸ் போகிறவர்களுக்கு இந்தத் தேதி இவ்வளவு வலிக்காது. அங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. குடியேறிய நாளிலிருந்து அவர்களே வரி பிடிப்பார்கள். அதை இங்கே கழித்துக்கொள்ள 1992-இல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. காசு நட்டத்தைவிட படிவ அலைச்சல்தான் அதிகம்.

கடைசியில் பையன் ஒரு யோசனை சொன்னான்: "செப்டம்பர் 20 கிளம்பி, தீபாவளிக்குப் பத்து நாள் வந்துட்டுப் போறேன் மாமா." 173-உம் 10-உம் 183. வந்து போகும் நாளும் கணக்கில் ஏறும்டா என்றேன். செப்டம்பர் 10 என்று முடிவானது. அதுவரை 163 நாள். 18 நாள் கையில் மிச்சம். அக்கா காலண்டரை எடுத்து, பொங்கலைச் சுற்றிப் பதினைந்து நாளுக்கு வட்டம் போட்டுவிட்டாள்.