டர்பனில் மினி ரோஜா வாங்குகிறீர்களா? தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிற நம்மவர்கள் கவனத்துக்கு. தீபாவளி நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் "பால்கனி மினி ரோஜா, வருஷம் முழுக்கப் பூக்கும்" என்று விளம்பரம் வரும். பல தொட்டிகள் அடுக்கிய தட்டோடு எடுத்தால் விலை குறைவு, வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்பார்கள். போன அக்டோபரில் அப்படி ஒருவரிடம் ஒரு தட்டு வாங்கினேன். வந்ததில் ஒன்றுகூட மினி ரோஜா இல்லை. கொடுத்த பணமும் இதுவரை திரும்பவில்லை.

எனக்கு மினிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வராண்டா ஒடுக்கமானது. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், மறுபக்கம் வீட்டுச் சுவர், நடுவில் என் மாமியார் வாக்கர் வைத்து நடக்கிற வழி. அங்கே முழங்காலுக்கு மேல் வளர்கிற முள்செடியை வைக்க முடியாது. விற்றவரிடம் இதை அப்படியே சொன்னேன். "சொந்த வேரில் வளர்த்ததா, ஒட்டுச் செடியா? எவ்வளவு உயரம் போகும்?" என்றும் கேட்டேன். குரல் பதிவில் பதில் வந்தது: "ஒரிஜினல் மினி, ஆன்ட்டி. சொந்த வேர்தான். ஒரு அடிக்கு மேல போகவே போகாது, நான் கியாரண்டி." அந்தப் பதிவு இன்னமும் என் போனில் இருக்கிறது.

பணத்தை முதலிலேயே ஈஎஃப்டி (வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புவது) மூலம் வாங்கிக்கொண்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பையன் வந்து தட்டை இறக்கிவிட்டுப் போனான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் நாலைந்து பூ, மேலே பைன் மரப்பட்டைத் தூள் நிரவிவிட்டிருந்தது.

ஒரு வாரம் ஆவதற்குள் சில தொட்டிகளில் பூவெல்லாம் தலை தொங்கிப்போனது. மண் ஈரமாகத்தான் இருந்தது. வாடிய தண்டு ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிமுனை சாய்வாக, கத்தியால் சீவிய வெட்டு. வேர் இல்லை, வேர் விடப்போகிற அறிகுறியாக ஒரு தடிப்புகூட இல்லை. மண்ணுக்குள் இருந்த பகுதியில் இலையையும் முள்ளையும் சுத்தமாக உருவியிருந்தார்கள். பூக்கடையில் வாளியில் வைத்து விற்கிற கொத்துப் பூ அது! அதே தொட்டியில் இன்னும் இரண்டு தண்டுகள் அப்படியே வந்தன. நடுவில் ஒரே ஒரு குச்சிக்கு மட்டும் வேர் இருந்தது. அதைச் சுற்றி வெட்டுப் பூவைக் குத்திவைத்து, ஒரே புதராகப் பூத்த மாதிரி காட்டியிருக்கிறார்கள்.

பிழைத்த செடிகள் செய்தது இன்னும் மோசம். கிறிஸ்துமஸ் சமயத்தில் பென்சில் கனத்துக்குக் கிளை கிளம்பி இடுப்பைத் தாண்டியது. அடுத்து வந்த பூவின் அகலம் என் உள்ளங்கை அளவு. சந்தேகம் வந்து மரப்பட்டைத் தூளை விலக்கிப் பார்த்தால், அடியில் கட்டைவிரலைவிடப் பருமனான சாம்பல் நிற முண்டு. அதன்மேல் பழைய வெட்டுத் தழும்புகள், கீழே ஒட்டுக் கட்டிய முடிச்சு. தூளுக்குக் கீழே இருந்தது தோட்டத்துக் களிமண். அது இறுகி, தண்ணீர் வடியாமல் நின்றது. பல வருஷ வயதுள்ள சாதாரணத் தோட்ட ரோஜாவை ஒட்ட வெட்டி, சின்னத் தொட்டியில் திணித்து, முதல் துளிரில் பூ வந்த நேரமாகப் பார்த்து விற்றிருக்கிறார்கள். அந்தச் சில நாள் மட்டும் அது குட்டையாகத் தெரியும். முடிச்சு தெரியக்கூடாது என்றுதான் மேலே தூள்.

அசல் மினி ரோஜாவை வெட்டிக் குட்டையாக்க வேண்டியதில்லை, அதன் பிறப்பே அப்படி. சீன ரோஜா வழியில் வந்த இந்தக் குள்ள வகையில் பூ மட்டும் சிறியதல்ல, இலை, முள், தண்டு, கணுவுக்குக் கணு உள்ள இடைவெளி எல்லாமே அதே அளவில் சிறுத்திருக்கும். பெரும்பாலும் 15 முதல் 45 சென்டிமீட்டர் உயரம், பூ 4 சென்டிமீட்டருக்குள். கலிபோர்னியாவில் ரால்ஃப் மூர் (1907–2009) என்பவர் வாழ்நாள் முழுக்க இந்த வகையை வளர்த்து, கலந்து, நூற்றுக்கணக்கில் புது ரகங்களைக் கொடுத்தார். இன்று நாம் பார்க்கிற பல மினிகளில் அவர் உழைப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட செடியின் பெயரைச் சொல்லி ஒரு கிழட்டுக் கட்டையை விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய ஆத்திரம்.

ஒரு விஷயத்தில் நியாயமாகவும் இருக்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கிற தொட்டி ரோஜாவில் மூன்று நான்கு செடிகள் சேர்ந்திருந்தால் அது மோசடி இல்லை. நாலு குச்சியை ஒன்றாக ஊன்றி வேர் பிடிக்க வைத்து, நிறையப் பூ தெரியும்படி வளர்ப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளிப்பவர்களும் உண்டு. அதன் வீரியம் போனதும் செடி கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். இடுப்புக்கு மேல் போகாது.

சரி, விற்றவர் என்ன சொன்னார்? முதலில் "வெயில் பத்தலை" என்றார். எங்கள் வராண்டாவில் காலையிலிருந்து மதியம் வரை நேர் வெயில், ரோஜாவுக்கு அது தாராளம். அப்புறம் "உரம் ஜாஸ்தி போட்டுட்டீங்க, ஆன்ட்டி, அதான் வளர்ந்துடுச்சு" என்றார். எந்த உரமும் மினியின் பூவை உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுபோகாது. கடைசியாக இலையில் கரும்புள்ளி வந்த படத்தைக் காட்டி, நான் தண்ணீர் ஊற்றிய விதம்தான் காரணம் என்றார். டர்பன் கோடையில், மழையும் புழுக்கமும் கூடிய நேரத்தில், கரும்புள்ளி யார் வீட்டு ரோஜாவுக்கும் வரும். இலை ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் நனைந்தே இருந்தால் அந்தப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். அதனால்தான் காலையில், இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றுகிறேன். ஒட்டு முடிச்சுப் படத்தை அனுப்பியதும் பதில் நின்றுபோனது. மறுநாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு, அதே ஆட்கள் விற்கிறார்கள்.

இனி வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். மேல் மண்ணை விரலால் ஒரு அங்குலம் விலக்குங்கள். முண்டும் முடிச்சும் தெரிந்தால், மினி என்று சொல்லி அதை விற்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மினிகள் குச்சி ஊன்றிச் சொந்த வேரில் வளர்பவை, ஒட்டுக் கட்ட அவசியமில்லை. குட்டை மரம் போல உயரத் தண்டின் உச்சியில் ஒட்டி விற்கும் வகை மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு தண்டையும் தொட்டு அசையுங்கள், வேரில்லாதது அங்கேயே கையோடு வரும். பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். இலை பெரிதாக, பூ மட்டும் சின்னதாக இருந்தால் நம்பாதீர்கள். ரகத்தின் பெயர் என்னவென்று கேளுங்கள். "சிவப்பு மினி, மஞ்சள் மினி" என்று நிறத்தை மட்டும் சொல்கிறவருக்குத் தான் விற்பது என்னவென்றே தெரியாது, அல்லது தெரிந்தே மறைக்கிறார். இலை அளவு கண்ணுக்குப் பழக வேண்டும் என்றால், மிட்செல் பார்க்கை ஒட்டிய ஜேம்சன் பார்க் ரோஜாத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். சாதாரண ரோஜாவின் இலையும் தண்டும் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால், மினி என்று நீட்டுவதை எடைபோட முடியும்.

அதே குழுவில் நீல ரோஜா விதையும் விற்கிறார்கள். தொடவே தொடாதீர்கள். ரகத்து ரோஜாவை விதை போட்டு எடுத்தால் தாய்ச்செடி மாதிரி வராது. மரபணு மாற்றி ஜப்பானில் 2009-ல் விற்பனைக்கு வந்த ரோஜாவே நீலம் இல்லை, இளம் ஊதாதான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: "செடிக்குக் கியாரண்டி கிடையாது" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (68-ஆம் எண்) 55, 56 பிரிவுகளின்படி, வியாபாரமாக விற்கிறவர் தந்த பொருள் தரத்தில் தவறினால், 6 மாதத்துக்குள் அவர் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பொய் சொல்லி விற்பதை 41-ஆம் பிரிவு தடுக்கிறது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை, வக்கீல் இல்லாமலே கேட்கலாம். 14 நாள் கெடு கொடுத்து முதலில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், அதற்கு எதிராளியின் முகவரி வேண்டும். நான் மாட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்: கடை இல்லை, ரசீது இல்லை, கையில் இருப்பது ஒரு போன் எண்ணும் வங்கிக் கணக்கும். ஆகவே பணம் போடுவதற்கு முன் முகவரியோடு ரசீது கேளுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள். இதே ஆட்களிடம் வாங்கியவர்கள் விளம்பரப் படம், குரல் பதிவு, பணம் போட்ட சான்று மூன்றையும் உடனே சேமித்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். யாராவது ஒருவர் அவர்களிடம் நேரில் போய் வாங்கியிருந்தால்கூட, அந்த முகவரியை வைத்து நாம் எல்லோருமே கடிதம் அனுப்பலாம்.