இறகு நட்சத்திரங்களுக்குப் பெயர் தேட வோர்ம்ஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே கொடுக்காது

இறகு நட்சத்திரம் என்பது நட்சத்திரமீனின் உறவான, இறகு போன்ற கைகளுள்ள கடலுயிர். பவளத்திட்டில் எடுத்த அதன் படத்தோடு வோர்ம்ஸ் (WoRMS) தளத்துக்குப் போனால் இது என்ன இனம் என்று அது சொல்லாது. அங்கே அடையாளத் திறவுகோல் (உடல் அம்சங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இனத்தைக் கண்டறிய உதவும் வழிகாட்டி) கிடையாது. அது கடலுயிர்ப் பெயர்களின் பேரேடு. இறகு நட்சத்திரங்கள் அடங்கும் கிரினாய்டு வகுப்பின் பகுதியைப் பதிப்பிப்பவர் சார்லஸ் மெஸ்ஸிங். பார்க்கக் கட்டணமும் இல்லை, பதிவும் வேண்டாம்.

பெயர் கையில் இருந்தால் இதற்கு ஈடான இடம் இல்லை. ஆக்ஸிகொமாந்தஸ் பென்னெட்டி என்று தேடுங்கள். அது இப்போது செல்லாத பெயர், ஏற்கப்பட்டது அன்னெய்ஸ்ஸியா பென்னெட்டி என்று காட்டும். 1841-இல் ம்யூல்லர் வைத்த மூலப் பெயரும் தெரியும். ஆசிரியரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், இனம் முதலில் வைத்த பேரினத்திலிருந்து மாறிவிட்டது என்று பொருள். நகலெடுக்கும்போது அந்தக் குறியை விட்டுவிடாதீர்கள். 2014-க்கு முந்தைய பட்டியல்களில் கொமாஸ்டெரிடே என்றிருக்கும் குடும்பம் இன்று கொமாடுலிடே.

நீண்ட பட்டியலுக்கு 'டாக்சன் மேட்ச்' கருவி. எக்செல் கோப்பில் பெயரை ஒரு நெடுவரிசையிலும் ஆசிரியரை இன்னொன்றிலும் வைத்து ஏற்றினால், ஏற்கப்பட்ட பெயரும் அடையாள எண்ணும் சேர்ந்து திரும்பும். கொமாந்தஸ் பார்விசிர்ரா என்று பழைய ஈற்றோடு எழுதியிருந்தாலும் பார்விசிர்ரஸைப் பிடித்துவிடும். ஆனால் 'நெருங்கிய பொருத்தம்' என்று வருவதையெல்லாம் கண்ணால் சரிபார்த்தே ஏற்க வேண்டும். ஒரே எழுத்து மாறினாலும் வேறு உயிரின் பெயராகிவிடலாம். பரவல் விவரத்தையும் முழுமையானதென்று நம்ப வேண்டாம்.

பெயர் வரைக்கும் போவது உங்கள் வேலை. நிறமும் கை எண்ணிக்கையும்தான் அதிகம் ஏமாற்றும். ஒரே இனம் பல நிறங்களில் வரும். இளசுக்குப் பத்துக் கைகள் இருக்கும்; வளரும்போது சில இனங்கள் கையை உதிர்த்து, அந்த இடத்தில் கிளைவிட்டு முளைக்கச் செய்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். வாயை ஒட்டிய பின்யூல்களின் (கையின் இருபுறமும் இறகிழைபோல் நிற்கும் சிறு கிளைகள்) நுனியைப் பாருங்கள். அங்கே சீப்புப் பற்கள் இருந்தால் கொமாடுலிடே. அவற்றில் பலவற்றுக்கு வாய், உடலின் நடுவிலுள்ள வட்டின் ஓரத்துக்குத் தள்ளியிருக்கும், குதக்குழல் நடுப்பக்கமாக நிற்கும். அடுத்து, கை பிரியும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் சுண்ணாம்புத் துண்டு இரண்டா நான்கா என்று எண்ணுங்கள். உடலின் அடியிலிருந்து தரையைப் பற்றிக்கொள்ளும் கால் போன்ற சிர்ரஸ்களின் கணுக்களையும் எண்ணுங்கள்.

ஆகவே நான்கு படம் தேவை: முழு உரு, வாய்ப்பக்க வட்டு, பின்யூல் நுனி, சிர்ரஸோடு கையின் அடி. மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் ஊகம். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மூட்டோடு உதிர்ந்துவிடும்.

மாதிரி சேகரிக்க அனுமதி இருந்தால் எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி, எண்ண வேண்டிய சுண்ணாம்புத் துண்டுகளையே கரைக்கும். சீட்டில் வோர்ம்ஸ் எண்ணையும் சரிபார்த்த தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். எத்தனாலில் பேனா மை நிற்காது.