சந்தா நின்ற மறுநாள் என்ன மிஞ்சும்? சிறிய ஆய்வு நிறுவனத்தின் முன் இருக்கும் இரண்டு வழிகள்

பெங்களூருவில் ஓசூர் சாலைப் பக்கம், ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய பொதுச் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் நூலகம் என் பொறுப்பில் இருக்கிறது. ஆய்வாளர்கள் இருபது பேருக்கும் குறைவு. நூலகத்தில் நானும் ஓர் உதவியாளரும் மட்டுமே. 2025 தொடக்கத்தில் இரண்டு வழிகளில் ஒன்றை நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பல பதிப்பகங்களின் ஆயிரக்கணக்கான இதழ்களை ஒரே சந்தாவில் தரும் தொகுப்புத் தரவுத்தளத்தைத் தொடர்வது முதல் வழி. திறந்த அணுகலில், அதாவது எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும்படி கிடைப்பவற்றை முறையாகத் திரட்டிக்கொண்டு, இன்றியமையாத மூன்று இதழ்களை மட்டும் பதிப்பகத்திடம் நேரடியாக வாங்குவது இரண்டாவது. நாங்கள் இரண்டாவதற்கு மாறினோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி, ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இதழ்களைத் தருகிறது. நாட்டின் மொத்த வருமானத்தையும் கணக்கில் கொள்ளும் அதன் தகுதிப் பட்டியலில் நேபாளம் உண்டு, இந்தியா இல்லை. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி செலவில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் தருகிறது. ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வகங்களுக்கும் உரியது. எங்களைப் போன்ற தனியார் அறக்கட்டளைகள் வாசலில்தான் நிற்கின்றன. கட்டணக் கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தைப் பற்றி நிறுவனத்தின் பெயரால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவிட்டுவிட்டது.

இதழ்களின் எண்ணிக்கை, ஒரே இடத்தில் தேடும் வசதி, ஊழியருக்கு மிச்சமாகும் நேரம் ஆகியவற்றில் தொகுப்புத் தரவுத்தளமே மேல் என்பதில் வாதமில்லை. அதில் பல இதழ்களின் கடைசி ஓராண்டு இதழ்கள் தடைக்காலத்தில், அதாவது படிக்கக் கிடைக்காமல், இருக்கும் என்பதையும் பலர் அறிவார்கள். எங்கள் முடிவைத் தீர்மானித்தவை இவையல்ல.

அந்த ஜனவரி இரண்டாம் தேதி காலை, ஆயத்த ஆடைத் தொழிலாளர்களின் இரத்தசோகையை ஆய்வு செய்யும் இளம் ஆய்வாளர் மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தார். "மேடம், டிசம்பர்ல நான் படிச்ச கட்டுரைதான் இது. இப்போ பூட்டுப் போட்டிருக்கு." அவர் இணைப்பை மட்டும் சேமித்திருந்தார், கோப்பை அல்ல. டாலரில் அனுப்ப வேண்டிய புதுப்பித்தல் தொகை எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. சந்தாவோ டிசம்பர் 31 நள்ளிரவோடு முடிந்திருந்தது. ஆறு ஆண்டுகள் பணம் கட்டியிருந்தும், அன்று காலை எங்களிடம் ஒரு பக்கம்கூட இல்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவிலோ, பல ஆண்டுகளுக்கு முன் சந்தா நிறுத்தப்பட்ட 'கரண்ட் சயின்ஸ்' இதழ்கள் பைண்டு செய்யப்பட்டு அப்படியே இருந்தன. (அந்த இதழை இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம் என்பது வேறு கதை.)

தொகுப்புத் தரவுத்தளத்தில் நாம் வாங்குவது இதழை அல்ல, ஓராண்டுக்கான நுழைவுச்சீட்டை. சந்தா நின்றால் பழைய ஆண்டுகளும் சேர்ந்தே போகும்; ஒரு பதிப்பகம் தொகுப்பிலிருந்து விலகினால் நாம் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் இதழ்கள் மறையும்; முடிவதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றால், மொத்தமாகப் பதிவிறக்குவதை ஒப்பந்தம் தடை செய்யும். இலவசமாகப் பெறுபவர்களுக்கும் இதே நிலைதான். 2011 ஜனவரியில் ஹினாரி வழியாக வங்கதேசத்துக்குக் கிடைத்துவந்த இதழ்களைப் பெரிய பதிப்பகங்கள் சில திடீரென விலக்கிக்கொண்டன. கண்டனம் எழுந்த பிறகே அவை திரும்பக் கிடைத்தன.

பதிப்பகத்திடம் நேரடியாக வாங்கும்போது, சந்தா நின்ற பின்னும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் படிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறலாம். அந்தச் சரத்து இருக்கிறதா, பழைய இதழ்களைத் தளத்தில் வைத்திருக்கத் தனிக் கட்டணம் உண்டா என்ற இரண்டையும் கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும். திறந்த அணுகலிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் நம் சர்வரில் சேமித்துப் பகிரத் தக்கதல்ல. பகிர்வதற்கு முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள கட்டுரைகளைத் தனி அடைவிலும், மற்றவற்றை இணைப்பாக மட்டும் வேறொரு பட்டியலிலும் என் உதவியாளர் வைக்கிறார். அமெரிக்க அரசின் இலவச மருத்துவக் கட்டுரைக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலும், இலவசப் பிரதி இருந்தால் உலாவியின் ஓரத்தில் திறந்த பச்சைப் பூட்டைக் காட்டும் அன்பேவால் என்ற உலாவி நீட்சியும் எங்கள் அன்றாடத் தேவையின் பெரும் பகுதியைத் தீர்க்கின்றன. எஞ்சியவற்றுக்குக் கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுகிறோம். பதில் மறுநாளே வரும், அல்லது வரவே வராது. பல நேரங்களில் கிடைப்பது அச்சுக்கு முந்தைய ஏற்கப்பட்ட வடிவம் என்பதால், பக்க எண்ணைக் குறிப்பிட்டு மேற்கோள் காட்டும்போது கவனம் வேண்டும்.

இதற்கான விலை உழைப்பு. உதவியாளரின் வாரத்தில் ஒரு முழு நாள் இதற்கே போகிறது. அவர் விடுப்பில் சென்றால் வேண்டுகோள்கள் தேங்குகின்றன. மேலும் எங்கள் அனுபவம் பொதுச் சுகாதாரத்தோடு நிற்கிறது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள், தம் நிதியில் நடந்த ஆய்வுகள் வெளியான நாளிலேயே பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2025 ஜூலை முதல் விதித்திருப்பது போன்ற ஆதரவு எங்கள் துறைக்கு இருக்கிறது. வேதியியலோ பொறியியலோ நடத்தும் கல்லூரிக்கு இதே வழியை நான் துணிந்து பரிந்துரைக்க மாட்டேன். நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் தேடும் இடத்தில் தொகுப்புத் தரவுத்தளமே சரியாக இருக்கலாம். அத்தகைய நூலகத்தில் நான் பணியாற்றியதில்லை.

நாங்கள் வாங்கும் மூன்று இதழ்களில் இரண்டைப் புதுப்பித்தாகிவிட்டது. மூன்றாவதன் புதிய ஒப்பந்தத்தில் பழைய ஆண்டுகளுக்கான அந்தச் சரத்தைக் காணவில்லை. அது சேர்ந்து வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம் என்று கணக்குப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன்.