குன்னூர் அஞ்சு ரூபா தண்ணி மிஷின், ரெண்டு வருஷமா யூஸ் பண்றேன்

5 ரூபா காயின் போட்டா ஒரு லிட்டர். பாட்டில் நாமதான் கொண்டு போகணும். தண்ணி கொஞ்சம் சப்புன்னு இருக்கும், ஃபில்டர் தண்ணி அப்படித்தான், குடிச்சு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. 2019 ஆகஸ்ட்ல நீலகிரியில தண்ணி பாட்டில் விக்கக்கூடாதுன்னு தடை வந்தப்ப அங்கங்க வச்சாங்கல்ல, அந்த மாதிரி மிஷின்தான். வாய் சின்ன பாட்டில்னா பாதி தண்ணி கை மேல, இந்தக் குளிருக்கு அது வேற.

ஆனா வாரத்துல ரெண்டு நாள் படுத்துக்கும். ரிப்பேருக்கு வர்ற தம்பிகிட்ட மிஷின் மட்டமாப்பான்னு கேட்டேன், "மிஷின் நல்லாத்தாங்க்கா இருக்கு, காயின் போடற ஓட்டையில என்னென்ன எடுத்தேன்னு பாருங்க"ன்னு கையை விரிச்சான். ஐஸ்கிரீம் குச்சி, மடிச்ச பஸ் டிக்கெட், ஒரு சட்டை பட்டன். அந்தப் பட்டனைப் போட்டவனுக்கும் தண்ணி வந்திருக்காது, பின்னாடி நின்ன எங்களுக்கும் வரல. திருடனா இருந்தாக்கூட அவனுக்காவது ஏதாச்சும் மிஞ்சும், இது யாருக்குமே மிஞ்சாத வேலை.

அப்புறம் சில்லறைக் கூத்து. பெட்டிக்கடையில 10 ரூபா காயினை நீட்டி ரெண்டு அஞ்சு கேட்டா "செல்லாதும்மா"ங்கறார். 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018 ஜனவரியிலேயே சொல்லிருச்சேன்னா, "எனக்குத் தெரியும்மா, ஆனா ஜனங்க வாங்க மாட்டேங்கறாங்களே." ஜனங்களைக் கேட்டா கடைக்காரங்க வாங்கறதில்லைங்கறாங்க. ஆக செல்லாதுன்னு நிஜமா நம்பறவன் ஒருத்தனும் இல்ல, அடுத்தவன் நம்பறான்னு நெனச்சுக்கிட்டே எல்லார் வீட்லயும் டப்பால காயின் கிடக்கு (எங்க வீட்லயும்தான், உப்பு ஜாடி பக்கத்துல).

சீசன்ல கேக்கவே வேண்டாம். டூரிஸ்ட்டுங்க செக்போஸ்ட்ல பாட்டிலை சீட்டுக்கு அடியில ஒளிச்சு கொண்டு வந்து, இந்த மிஷின் முன்னாடியே நின்னு குடிச்சுட்டு, காலி பாட்டிலை பள்ளத்துல வீசிட்டு, ரோட்டோரம் மேயற காட்டுமாடு பக்கத்துல போய் செல்ஃபி எடுக்கறாங்க. அது தலையை ஆட்டுனா ஓடத் தெரியுது.

போறதா இருந்தா காலையில 7 மணிக்குள்ள போங்க, 5 ரூபா காயினை ஊர்லயே மாத்தி எடுத்துட்டு வாங்க. பட்டன் தொலைச்சவர் யாராச்சும் இதைப் படிச்சா, நீல கலர், நாலு ஓட்டை, தம்பி பத்திரமா வச்சிருக்கான்.