சோக் பிட்டை மூடிவிட்டு ஜல்லி வாய்க்கால் போட்டோம்: ஆறு வருட அனுபவம்

ஆனைமலை அடிவாரத்தில் நாலு ஏக்கரில் இருக்கும் ஒரு தனியார் பூங்காவைப் பராமரிப்பது என் வேலை. ஊஞ்சல், சறுக்கு, சின்னதாக ஒரு கேன்டீன், பத்து கழிப்பறை. பாதாளச் சாக்கடை இந்தப் பக்கம் கிடையாது, எல்லாம் செப்டிக் டேங்க்தான். டேங்கிலிருந்து வெளியே வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறங்க விடும் குழிதான் சோக் பிட். 2019-இல் பழைய சோக் பிட் இரண்டையும் மூடிவிட்டு, அதே வேலையைச் செய்யும், மண்ணுக்கடியில் ஜல்லி நிரப்பிய வாய்க்கால்களுக்கு மாறினோம். 2021-இல் அதை இரண்டு மடங்காக்கினோம். தோட்ட வீடு கட்டுகிறவர்கள், ஹோம் ஸ்டே நடத்துகிறவர்கள் என்று யாராவது மாதம் ஒருவர் வந்து விசாரிப்பதால், நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

கோளாறை முதலில் கண்டுபிடித்தது கழிப்பறை சுத்தம் செய்யும் அக்கா. "தம்பி, லேடீஸ் பக்கம் தண்ணி எறங்க மாட்டேங்குது, களக்களக்னு சத்தம் வருது" என்று 2018 தீபாவளி சமயத்தில் சொன்னார். அடைப்பு என்று நினைத்து மூங்கில் பட்டை விட்டுக் குத்தினோம். ஒரு வாரம் சரியாக இருந்தது. அப்புறம் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை சோக் பிட் மூடியின் ஓரத்தில் கறுப்புத் தண்ணீர் கசிந்து, குழந்தைகள் ஓடும் புல்வெளி வரை வந்துவிட்டது. அதற்கு முன்பே அந்த இடத்தில் மட்டும் கோடையிலும் புல் பச்சைப்பசேல் என்று இருந்தது. நாங்கள் அதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்கிறோம்!

வந்து பார்த்த மேஸ்திரி ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: "ஏனுங்க, இன்னும் நாலு உறை சேத்தி எறக்கி உட்டா போதுமுங்க." உறை வளையங்களை இறக்கிக் குழியை ஆழமாக்குவது, ஊரில் எல்லோரும் செய்வது அதைத்தான். நானும் சரி என்று தலையாட்டத்தான் இருந்தேன். முதலாளியின் நண்பர், ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர், "தண்ணி எவ்வளவு வருதுன்னு தெரியுமா? மண்ணு எவ்வளவு குடிக்கும்னு தெரியுமா?" என்று கேட்டார். இரண்டும் எங்களுக்குத் தெரியாது.

முதலாவதற்கு ஐந்நூறு ரூபாய் சொச்சத்தில் ஒரு வாட்டர் மீட்டர் போதுமானதாக இருந்தது. கழிப்பறைக்குப் போகும் லைனில் மாட்டி ஒரு மாதம் பார்த்தோம். சாதாரண நாளில் சுமார் 1,500 லிட்டர். ஞாயிறு மட்டும் 7,000. வாரத்துக்கு 16,000, அதாவது ஒரு நாள் சராசரி 2,300 லிட்டருக்குப் பக்கம்.

இரண்டாவது, மண் சோதனை. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2470 இரண்டாம் பகுதியில் (1985) இருக்கும் முறைதான், மண்வெட்டியும் அளவுகோலும் இருந்தால் யாரும் செய்யலாம். வாய்க்கால் வரப்போகிற ஆழத்துக்கு ஓர் அடி அகலத்தில் குழி. பக்கச் சுவரைக் கீறிவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டு, தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விடணும். மறுநாள் அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று நாலு மணி நேரம் குறிக்கணும். கடைசி அரை மணிக் கணக்குதான் கணக்கு. இரண்டரை அடி ஆழத்தில் எங்கள் செம்மண் அரை மணியில் 30 மி.மீ. இறக்கியது. 25 மி.மீ. இறங்க 25 நிமிடம். அதே இடத்தில் எட்டடி ஆழத்தில் பார்த்தால் மஞ்சள் களிமண், அரை மணிக்கு 8 மி.மீ.கூட இறங்கவில்லை. 25 மி.மீ. இறங்க 60 நிமிடத்தைத் தாண்டினாலே உறிஞ்சுவதற்கு லாயக்கில்லாத மண். இங்கே 90-ஐத் தாண்டியது. மேஸ்திரி சொன்ன நாலு உறையும் அந்தக் களிமண்ணுக்குள்தான் இறங்கியிருக்கும்.

அந்த நிமிடக் கணக்கை வைத்து ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று சொல்ல ஒரு சூத்திரமும் அதிலேயே இருக்கிறது: 204-ஐ நிமிடத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கணும். 25-க்கு வர்க்கமூலம் 5. ஆக 40 லிட்டர் சொச்சம். எங்கள் பழைய குழிகள் இரண்டும் ஐந்தடி விட்டம், தண்ணீர் நிற்கும் ஆழம் எட்டடி. பக்கச் சுவரைக் கூட்டினால் இரண்டுக்கும் சேர்த்து 24 சதுர மீட்டர்கூட வராது. மேல் மண்ணின் தாராளக் கணக்கைப் போட்டாலே நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டருக்குக் கீழே. வந்துகொண்டிருந்ததோ 2,300. குழி கெட்டுப்போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பத்து வருடம் தாக்குப்பிடித்ததே அதிசயம்.

2019 ஏப்ரலில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது வேலை ஆரம்பித்தோம். இருபது மீட்டர் நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஐந்து வாய்க்கால், ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளி. அடியில் அரை அடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, அதன் மேல் ஓட்டை போட்ட நாலு அங்குல பி.வி.சி. குழாய், குழாயை மூடும் அளவுக்கு மறுபடி ஜல்லி, மேலே மண் ஜல்லிக்குள் இறங்காமல் தடுக்கும் ஜியோ துணி, பிறகு ஒன்றரை அடி மண். போர்வெல் நூற்று முப்பது அடி தள்ளி இருக்கிறது. குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணும் என்பது விதி.

வேலை நடக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றது நல்லதாகப் போயிற்று. ஜே.சி.பி. பக்கெட் களி கலந்த மண்ணை வெட்டும்போது சுவரையும் தரையையும் கரண்டியால் தடவிய மாதிரி வழவழவென்று மெழுகிவிடுகிறது. வெயிலில் மின்னும். அந்த மினுமினுப்பின் வழியாகத் தண்ணீர் இறங்காது. இரண்டு ஆட்கள் முள் வாரியால் ஒவ்வொரு வாய்க்காலையும் கீறிக் கொடுத்த பிறகுதான் ஜல்லி கொட்டினோம். ஜல்லியையும் கழுவச் சொன்னேன். கிரஷர் தூள் ஒட்டியிருந்தால் அது கீழே இறங்கி சிமென்ட் பூசின மாதிரி உட்காரும். "கக்கூசுத் தண்ணிக்கு ஜல்லியக் கழுவறது இங்கதானுங்க பாக்கறேன்" என்று லாரி டிரைவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பிளம்பர் குழாயில் மேல்பக்கம் ஓட்டை போட்டு வைத்திருந்தார், "மேல வழிஞ்சு வரும்ல" என்று. மறுபடி கடிகாரத்தில் நாலு மணி, எட்டு மணி முள் இருக்கும் திசையில் போடவைத்தோம்.

பழைய குழிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "உள்ளே ஆள் எறக்கி கறுப்பைச் சொரண்டுனா மறுபடி ஓடும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் விஷவாயு இருக்கும் குழியில் யாரையும் இறக்கச் சம்மதித்திருக்க மாட்டேன். லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலிருந்தபடியே சரளை மண் கொட்டி மூடினோம்.

முதல் வருடம் நிம்மதியாக ஓடியது என்று சொல்ல ஆசைதான். மூன்றாம் மாதமே முதல் வாய்க்காலின் மேல் ஈரம் தெரிந்தது. மற்ற நாலும் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தன. ஒவ்வொரு வாய்க்காலின் கடைசியிலும் செங்குத்தாக ஒரு குழாய் நிறுத்தி மூடி போட்டிருக்கிறோம். அதில் அங்குலம் குறித்த மூங்கில் குச்சியை விட்டால் ஜல்லிக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். முதலாவதில் ஒன்பது அங்குலம், மற்றவற்றில் சைபர். ஐந்து வாய்க்காலுக்கும் தண்ணீரைப் பிரித்துவிடும் சேம்பரைத் திறந்து ரசமட்டம் வைத்தால், புது மண்ணில் கட்டியதால் ஒரு பக்கமாக அரை அங்குலம் அமுங்கியிருந்தது. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடிப் போகும்! சேம்பரை இடித்து, அடியில் கெட்டியாக கான்கிரீட் போட்டுத் திரும்பக் கட்டினோம். ஐந்து வாய்களிலும் திருப்பினால் மட்டம் மாறும் மூடி மாட்டினோம். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அதைத் திருப்பிச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை.

2020 காணும் பொங்கலுக்கு வந்த கூட்டத்துக்குப் பிறகு ஐந்து குழாயிலும் ஆறேழு அங்குலம் தண்ணீர் நின்றது, இறங்க நாலு நாள் ஆனது. சராசரிக்கு வாய்க்கால் போதும், ஐந்தும் சேர்ந்து 3,600 லிட்டர் குடிக்கும். திருவிழாக் கூட்டத்துக்குப் போதாது. இது இப்படியே போனால் இன்னும் ஐந்தாறு வருடத்தில் பழைய கதைதான் என்று பயந்துகொண்டிருந்தேன்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பூங்கா மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறப்பதற்கு முன் குச்சி விட்டுப் பார்த்தால் ஐந்திலும் காய்ந்த ஜல்லிச் சத்தம். ஓர் ஓரத்தில் தோண்டிப் பார்த்தேன். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்த கறுப்பு வழவழப்பு போய், மண் சாதாரண நிறத்துக்கு வந்திருந்தது, நாற்றமும் இல்லை. அந்தப் படலம் கழிவுநீரைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் அவற்றின் கசிவும்தான். தண்ணீர் வரத்து நின்று காற்று உள்ளே போனால் மற்ற நுண்ணுயிர்கள் அதையே தின்று தீர்த்துவிடுகின்றன. பொறியாளர் ஐயாவிடம் சொன்னேன். "வயலுக்குத் தரிசு விடறதில்லையா, அந்த மாதிரிதான்" என்றார்.

அதனால் 2021-இல் விரிவாக்கம் செய்தபோது பத்தும் ஒன்றாக ஓடும்படி கட்டவில்லை. இன்னும் ஐந்து வாய்க்கால் போட்டு, நடுவில் ஒரு வால்வு வைத்தோம். ஆறு மாதம் ஐந்து ஓடும், மற்ற ஐந்து சும்மா இருக்கும். செலவைப் பார்த்த முதலாளி, "பாதிய வேலை செய்யாம வைக்கறதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டது நியாயமான கேள்விதான். பதிலை என் நோட்டிலிருந்து காட்டினேன். இப்படி மாற்றி மாற்றி ஓடவிட்ட பிறகு ஓடும் பக்கத்தில் குச்சி மூன்று அங்குலத்தைத் தாண்டியதில்லை.

கூடவே செப்டிக் டேங்குக்கு அடுத்து 10,000 லிட்டர் தொட்டி ஒன்று. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு சின்ன மோட்டார், டைமர் போட்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் 350 லிட்டர் தள்ளும். ஞாயிறு வந்தது புதன் வரை பங்கு பிரித்துப் போகும். காணும் பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் டைமரை இரண்டு மணி நேரமாக்கிவிடுவோம். இந்த அமைப்பில் எனக்குத் தலைவலி கொடுத்தது இந்த மோட்டார் ஒன்றுதான். 2023-இல், தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட்டின் வயர் குழாயில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே ஓடி மோட்டார் காயில் எரிந்துபோனது. இப்போது ஃப்ளோட்டைத் தனிக் கம்பியில் கட்டியிருக்கிறோம். கரன்ட் போனால் வழிந்து வாய்க்காலுக்குப் போக மேலே ஒரு குழாயும் இருக்கிறது. உங்கள் இடத்தில் கூட்டம் ஒரே சீராக வரும் என்றால் மோட்டாரே வேண்டாம், வாட்டம் கொடுத்து விட்டுவிடுங்கள்.

இன்னொரு விபத்து முழுக்க எங்கள் தப்பு. ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் பந்தல் போட வந்தவர்கள் நல்ல மட்டமான புல்வெளி என்று வாய்க்கால் மேலேயே கடப்பாரை போட்டுக் கால் ஊன்றிவிட்டார்கள். இரண்டு இடத்தில் குழாய் பிளந்தது. விழா முடிந்து மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இப்போது நாலு மூலையிலும் கல் நட்டு, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறோம். வண்டி ஏறக்கூடாது, பந்தல் கூடாது, ஜமுக்காளம் விரித்து உட்காரலாம். மேலே அருகம்புல் மட்டும். வாழை வைக்கச் சொன்னவர்கள் நிறைய. வேருக்குப் பயந்து வைக்கவில்லை. தென்னை பக்கத்திலேயே வரக்கூடாது. பழைய குழியின் உறைகளுக்கு நடுவே தென்னை வேர் கொத்துக்கொத்தாக உள்ளே போயிருந்ததைப் பார்த்தவன் நான்.

செலவு: விரிவாக்கத்தையும் தொட்டி மோட்டாரையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக்கு மேல் ஜல்லியும் மண் வேலையும். இடம்தான் பெரிய செலவு, பத்து வாய்க்காலுக்குப் பதிமூன்று சென்ட். மூன்று சென்ட் வீட்டுக்கு இது ஒத்துவராது.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் கொண்டுவந்தவை சின்ன விஷயங்கள். ஒவ்வொரு கழிப்பறையிலும் மூடி போட்ட குப்பைக்கூடை, நாப்கினும் டயப்பரும் டேங்குக்குள் போவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கேன்டீன் தண்ணீருக்கு, எண்ணெயை மட்டும் பிடித்து நிறுத்தும் தனித் தொட்டி (எண்ணெய்ப் பொறி). அதை வாரம் ஒரு நாள் வழிக்கவில்லை என்றால் அக்காவிடம் திட்டு வாங்குவேன். செப்டிக் டேங்க் வெளிவாயில் ஒரு வடிகட்டி, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஹோஸில் பீய்ச்சிக் கழுவணும். டேங்கை மூன்று வருடத்துக்கு ஒரு முறை லாரி விட்டு எடுக்கிறோம். முன்பு பத்து வருடம் எடுக்காமல் விட்டதில் கசடு பொங்கி வழிந்து போய், ஏற்கனவே போதாத அந்தக் குழிகளின் சுவரையும் அடைத்திருந்தது.

வால்வைத் திருப்புவது வருடத்தில் இரண்டு முறை: காணும் பொங்கலுக்கு முந்தின வாரம், ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம். ஓய்ந்து கிடந்த பக்கம் திருவிழாக் கூட்டத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று. போன முறை நான் ஊரில் இல்லை, அக்காவே திருப்பிவிட்டு போன் பண்ணினார். "கிழக்குப் பக்கம் தொறந்துட்டேன் தம்பி, குச்சி காஞ்சு வந்துச்சு. நோட்டுல நீங்க வந்து எழுதிக்கங்க."