பால் பைத்தான் முட்டைகளைப் பொரிக்கவைத்தல்: வெர்மிகுலைட்டா, வலைத்தட்டா?

பால் பைத்தானை (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) உரிமம் இல்லாமலே வீட்டில் வளர்க்கக்கூடிய பிரிட்டனில், பல பருவங்களாக அவற்றின் முட்டைகளை இன்குபேட்டரில் பொரிக்கவைத்து வருகிறேன். (இந்திய மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், இந்தியாவில் இருப்பவர்கள் அதை வைத்து இதை முயலவே கூடாது.) முதலில் ஈரமான வெர்மிகுலைட்டில் (நீரை உறிஞ்சி வைத்திருக்கும் கனிமத் துகள்கள்) முட்டைகளைப் பாதி புதைத்து வைத்தேன், பின்னர், மூடிய டப்பாவின் அடியில் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலே பிளாஸ்டிக் வலைத்தட்டைப் பொருத்தி, அதில் வைக்கத் தொடங்கினேன். இரண்டில் வலைத்தட்டுதான் மேல் என்பது என் முடிவு.

முட்டை இடுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு பெண் பாம்பு சட்டை உரிக்கும் என்பதால், அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டால் இன்குபேட்டரை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடு நிலைப்பதை உறுதிசெய்ய அவகாசம் கிடைக்கும். முட்டைகளைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தாயின் தலைமீது ஒரு துண்டைப் போட்டு, சுருளை மெல்ல அவிழ்த்து எடுப்பேன். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் முட்டைகளை வலிந்து பிரிப்பதில்லை. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அங்கே பென்சிலால் குறியிட்டு, புரட்டாமல் அப்படியே டப்பாவுக்கு மாற்றுவேன். கரு நிலைபெற்ற பின் முட்டை உருண்டால் கரு இறந்துவிடலாம். இருட்டில் சிறிய டார்ச்சை ஒட்டிப் பிடித்தால், நல்ல முட்டையின் ஓட்டுக்குள் சிவப்பு இரத்தநாளங்கள் கிளைவிட்டுப் படர்ந்திருப்பது தெரியும். கருவுறாதவை பெரும்பாலும் சிறியவையாக, மஞ்சள் பாய்ந்து, மெழுகுபோல இருக்கும்.

வெர்மிகுலைட்டில் என்னைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தியது ஈரத்தின் அளவுதான். எடைக்கு எடை தண்ணீர் சேர்த்தாலும், நாளடைவில் ஓரம் காய்ந்து நடுப்பகுதி நசநசவென்று இருக்கும். ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பகுதியில் பூஞ்சை பிடிக்கும். வலைத்தட்டில் முட்டை தண்ணீரைத் தொடுவதே இல்லை, காற்றின் ஈரம் மட்டும் நிறைவாக இருக்கிறது. மூடியில் திரளும் நீர்த்துளிகள் முட்டைமீது சொட்டாதபடி டப்பாவைச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றுவேன். கடைசி வாரங்களில் இன்னும் அடிக்கடி திறப்பேன்.

சூட்டை 31 முதல் 32 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தால், ஏறத்தாழ 55 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அதற்கு மேல் சூடு ஏறினால் முதுகெலும்பு வளைந்த குஞ்சுகள் பிறக்கக்கூடும். சூட்டை அணைத்து அணைத்துப் போடும் மலிவான தெர்மோஸ்டாட்டைவிட, மின்சாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கும் வகை கூடுதல் விலைக்குத் தகுந்தது. அதன் உணரியை இன்குபேட்டரின் சுவரில் ஒட்டாமல் முட்டை டப்பாவுக்குள்ளேயே வைப்பது, விலையுயர்ந்த இன்குபேட்டரை வாங்குவதைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தந்தது.

இறுதி இரு வாரங்களில் முட்டை ஓடு குழிவிழுவது இயல்பு. அதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஓட்டைக் கீறி மூக்கை நீட்டும் குஞ்சு, எஞ்சிய மஞ்சள் கருவை உள்ளிழுத்துக்கொண்டு ஓரிரு நாள் அப்படியே இருக்கும். அந்நேரத்தில் அதை வெளியே இழுப்பது ஆபத்து. கத்தரிக்கோலால் முட்டையை முன்கூட்டியே வெட்டித் திறக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஆரோக்கியமான முட்டைக்கு அது தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.